மகளின் ஊசிமுறை மாறிய விதம்

மகளுக்கு முதலாம் வகை நீரிழிவு. ஒட்டுசுட்டானிலிருந்து கிளினிக்குக்குப் போவோம். இன்சுலின் இலவசம்தான், ஆனால் காலை, மாலை போட்ட கலப்பு இன்சுலினில் (குறுகிய நேரமும் நீண்ட நேரமும் வேலைசெய்பவை ஒன்றாய்க் கலந்தது) விடியற்புறம் இரத்தச் சீனி 70 mg/dLக்குக் கீழே, ஆபத்தான தாழ்வுக்கு இறங்கி, அவளுக்கு வியர்த்தது. "இரவில் வியர்க்கிறது, டொக்டர்" என்று வாயால் சொன்னால் யார் அசைவார்கள்?

ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். சாப்பாட்டுக்கு முன், படுக்கும்போது, அதிகாலை 3 மணிக்கு எடுத்த சீனி அளவுகள், போட்ட இன்சுலின் அலகு, சோறா பிட்டா, எத்தனை அகப்பை, பள்ளியில் ஓடி விளையாடினாளா என்று அத்தனையும் எழுதினேன். சீனி பார்க்கும் ஸ்ட்ரிப்புக்கு எங்கள் காசு. அதுதான் கையைக் கடித்தது.

வைத்தியர் அதிகாலை எண்களின் கீழ் கோடிட்டார். சாப்பாட்டுக்கு முன் குறுகிய நேர இன்சுலின், இரவில் நீண்ட நேர இன்சுலின் என மாற்றி எழுதினார். ஊசி இரண்டு நான்கானதற்கு அம்மம்மா அவரைத் திட்டித் தீர்த்தார்!

கிளினிக்குக்குப் போகும்போது சீனி பார்க்கும் குளுக்கோமீற்றரையும் கொண்டுபோங்கள். பெரும்பாலானவற்றில் அளவுகள் திகதி, நேரத்தோடு பதிவாகியிருக்கும்.