பாட்டு எழுதுபவர்கள் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்

சித்திரைத் திருவிழா நெருங்கிவிட்டால் மதுரைப் பக்கம் அழகர் பாட்டு, கருப்பசாமி பாட்டு என்று ஒலிப்பதிவுக் கூடங்கள் பரபரப்பாகிவிடும். எழுதியவர் கையில் ஒரு தொகை, முத்திரைத்தாளில் ஒரு கையெழுத்து, அத்தோடு கணக்கு முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அது முடிவே இல்லை.

முதலில் எது உங்களுடையது என்று பாருங்கள். வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு மூன்றும் தனித்தனி உரிமைகள். ஒலிப்பதிவு பெரும்பாலும் பணம் போட்ட தயாரிப்பாளருடையது. வழிவழியாக வரும் கும்மி மெட்டுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது; அதில் நீங்கள் புதிதாக எழுதிய வரிகள் உங்களுடையவை. பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்யாவிட்டாலும் எழுதியபோதே உரிமை வந்துவிடுகிறது.

அப்புறம் ஒப்பந்த வகை. உரிமையை முழுதாக எழுதிக் கொடுக்கலாம், பாட்டின் உரிமையை நிர்வகித்துப் பணம் வசூலிக்கும் பப்ளிஷரோடு பங்கு போட்டுக்கொள்ளலாம், அல்லது உரிமையை நீங்களே வைத்துக்கொண்டு வசூல் வேலையை மட்டும் கமிஷனுக்கு அவரிடம் விடலாம். நிலத்தை விற்பதற்கும் குத்தகைக்கு விடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். புதியவர்களுக்குக் கடைசி வகையையே சொல்வேன். அட்வான்ஸ் வாங்கினால், அது வழக்கமாக உங்கள் பங்கிலிருந்து கழியும். கழிந்து தீரும்வரை ராயல்டி, அதாவது பாட்டைப் பயன்படுத்துவதற்காக வரும் பங்குப் பணம், கைக்கு வராது.

பத்திரத்தை நிதானமாகப் படியுங்கள். எத்தனை வருடம், எந்த நாடுகள், எவ்வளவு ராயல்டி என்று எழுதியிருக்கிறதா? வருடம் போடாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டு, இடம் போடாவிட்டால் இந்தியா மட்டும். அதனால்தான் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்று சேர்க்கிறார்கள். அதை அடிக்கச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். ‘ராயல்டி வேண்டாம்’ என்ற வரி இருந்தால் அது செல்லாது. 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஆல்பம் பாட்டின் வரிகளையும் மெட்டையும் படைத்தவர்கள் உரிமை வாங்கியவரோடு சமமாக ராயல்டி பெறும் உரிமையை அவருக்கே விட்டுக்கொடுக்க முடியாது. சினிமாப் பாட்டுக்கும் அப்படித்தான். படத்தோடு தியேட்டரில் ஓடும்போது மட்டும் இது பொருந்தாது.

கடைசியாக ஐ.பி.ஆர்.எஸ். (இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி) அமைப்பில் உறுப்பினராகுங்கள். பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள், பப்ளிஷர்களுக்காக ராயல்டி வசூலித்துப் பிரிப்பது அதுதான். ஏற்கெனவே உறுப்பினர் என்றால் கையெழுத்துக்கு முன்பே பப்ளிஷரிடம் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் சில உரிமைகளை அங்கே ஒப்படைத்திருப்பீர்கள். பாட்டு வெளியானதும் தலைப்பு, எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களை அந்த அமைப்பில் சரியாகப் பதிந்துவிடுங்கள். பதியாத பாட்டுக்கு வரும் பணம் யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது.