தோட்டத்து இடுகாட்டில் மரபுநடை நடத்துவது எப்படி? (மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பட்டுத் தெரிந்துகொண்டது)

எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து இடுகாட்டில் ஆட்களைக் கூட்டிப் போய், கல்லறைகளையும் அவற்றின் கதையையும் காட்டும் மரபுநடையை மூன்று முறை நடத்திவிட்டேன். முதல் முறை சொதப்பல், இரண்டாவது மழை, மூன்றாவதுதான் சொல்லிக்கொள்ளும்படி அமைந்தது. "எங்க தோட்டத்திலும் செய்யணும், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அதனால் இந்தப் பதிவு. போஸ்டர் போடுவது, வாட்ஸ்அப் குழு ஆரம்பிப்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: முதலில் வேறு ஒரு இடத்துக்குப் போய் நடந்து பாருங்கள்

பத்து காஜாவில் 'காட்ஸ் லிட்டில் ஏக்கர்' கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில் (கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிராக ஆங்கிலேய அரசு அறிவித்தது) உயிர்விட்ட தோட்டத் துரைகளும் போலீஸ்காரர்களும் படைவீரர்களும் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் நினைவுச் சடங்கு நடக்கும். அந்த அவசரகாலத்துக்குத் தீப்பொறி விழுந்தது எங்கள் சுங்கை சிப்புட்டில்தான். 1948 ஜூன் 16 அன்று இங்கே மூன்று துரைகள் சுடப்பட்டார்கள். துரைமார் கல்லறை வரிசையாக, எண் போட்டு, புல் வெட்டிச் சுத்தமாக இருக்கிறது. அவர்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர்களின் இடுகாடு செம்பனை எனும் எண்ணெய்ப்பனை மரங்களுக்கு நடுவே லாலான் எனும் கோரைப் புதரில் கிடக்கிறது. இரண்டையும் ஒரே வாரத்தில் பாருங்கள். எதற்காக நடை நடத்துகிறோம் என்று உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்காது.

படி 2: அனுமதி

தோட்ட நிர்வாகத்துக்கு மலாயில் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எந்தப் பாதை என்பதைக் குறிப்பிடுங்கள். கோயில் தலைவரை நேரில் போய்ப் பாருங்கள், அவரிடம் கடிதமெல்லாம் எடுபடாது. நான் விட்டது மூன்றாவது ஆளை: கல்லறையின் சொந்தக்காரர்கள். தோட்டம் மூடி லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) இடித்த பிறகு எல்லாரும் ஈப்போ, கிள்ளான் என்று சிதறிவிட்டார்கள். ஆனால் கல் அவர்களுடையது. எந்தக் கல்லின் முன் நின்று பேசப் போகிறீர்களோ, அந்தக் குடும்பத்தில் ஒருவரையாவது தேடிப் பிடியுங்கள். ஏன் என்று படி 4இல் புரியும்.

படி 3: துப்புரவு

நடைக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு கோத்தோங் ரோயோங் (எல்லாரும் கூடிச் செய்யும் வேலை) வையுங்கள். பாராங் எனும் வெட்டுக்கத்தியும் கைக்கத்தரியும் போதும். புல் மருந்து வேண்டவே வேண்டாம். நாங்கள் ஒரு மூலையில் அடித்தோம். புல் செத்தது, மண் வெறுமையானது, அடுத்த மழையில் ஒரு கல் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. எலிக்குப் பின்னாலேயே நாகம் வரும், செம்பனைக் காட்டில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. பூட்ஸ் போடாதவரை உள்ளே விடாதீர்கள்.

படி 4: கல்லைப் படிப்பது (இங்கேதான் எனக்கு அடி)

முதல் முறை எழுத்து தெரியவில்லை என்று மைதா மாவு தடவினேன். எழுத்து தெரிந்தது, எறும்பும் வந்தது, ஒரு மாதம் கழித்துப் பூஞ்சையும் வந்தது. சாக்பீஸ், கம்பி பிரஷ், ஷேவிங் நுரை எதுவும் வேண்டாம். காரைப் பூச்சில் கீறிய எழுத்து பிரஷுக்குத் தாங்காது.

வேண்டியது ஒரு கண்ணாடி, முகம் பார்க்கிற கண்ணாடிதான். ஒருவர் வெயிலில் நின்று, கல்லின் ஓரத்திலிருந்து முகப்பில் வெளிச்சம் படுக்கையாக ஓடும்படி பிடிக்க வேண்டும். எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும், வெறும் கல்லாகத் தெரிந்த இடத்தில் பெயர் எழும்பி வரும். போன் விளக்கிலும் செய்யலாம், ஆனால் பகலில் அது சோப்ளாங்கி. இரண்டு ரிங்கிட் கண்ணாடிக்கு ஈடே இல்லை.

அடுத்தது தேதி. பழைய கற்களில் ஆங்கில வருடம் இருக்காது. நான் பார்த்தது இப்படி:

சித்திரபானு ௵ மாசி ௴ ௭ ௳

௵ என்றால் வருடம், ௴ மாதம், ௳ நாள். ௭ என்பது 'எ' அல்ல, ஏழு. நான் முதலில் அதை யாரோ ஒருவரின் தலைப்பெழுத்து என்று நினைத்தேன். சித்திரபானு அறுபது வருடச் சுழற்சியில் பதினாறாவது. கணக்கு எளிது: வரிசை எண்ணோடு 1986ஐக் கூட்டுங்கள், 2002 வரும். அதிலிருந்து அறுபது அறுபதாகக் கழித்தால் 1942, 1882.

நான் 1882 என்று எடுத்துக்கொண்டேன். பழசு என்றால் யாருக்குத்தான் ஆசை இல்லை! முப்பது பேர் முன்னால் நின்று "இந்தத் தோட்டத்தின் ஆகப் பழைய கல்லறை" என்று அறிவித்தேன். பின்வரிசையில் குடை பிடித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அது எங்க பெரியப்பா கல்லு. ஜப்பான்காரன் காலத்துல காய்ச்சல்ல போனாரு. எங்கப்பாதான் குழி வெட்டுனாரு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

கொஞ்சம் யோசித்திருந்தால் எனக்கே பிடிபட்டிருக்கும். ரப்பர் கன்றுகள் பக்கத்துக் கோலகங்சாருக்கு வந்ததே 1877இல். ஐந்தே வருடத்தில் தோட்டம், லயம், இடுகாடு எல்லாம் எங்கிருந்து வரும்? ஆக 1942, பாட்டி சொன்ன ஜப்பான்காரன் காலம். அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது: தமிழ் வருடம் சித்திரையில் பிறக்கிறது, மாசி வரும்போது ஆங்கில வருடம் மாறியிருக்கும். தை, மாசி, பங்குனி என்றால் ஒன்று கூட்டுங்கள். மாசி ஏழு என்றால் 1943 பிப்ரவரி மூன்றாவது வாரம். மார்கழிக்கு மட்டும் நாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள், அது இரண்டு வருடத்திலும் கால் வைக்கும்.

பாட்டியோடு அன்றைக்கு அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டோம். அதே சமயத்தில் சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் பிடித்துப் போனவர்களில் திரும்பி வராதவர்களுக்கு இங்கே கல்லே கிடையாது என்பதையும் அவர்தான் சொன்னார். நான் எழுதி வைத்திருந்த குறிப்பில் அது இல்லை.

படி 5: நாளும் நேரமும்

காலை ஏழரைக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்குள் முடியுங்கள். பேராக் வெயிலும் மாலை மழையும் உங்களுக்காகக் காத்திருக்காது. நவம்பர் 2 கல்லறைத் திருநாள், கத்தோலிக்கக் குடும்பங்கள் மெழுகுவத்தியோடு வருவார்கள், அன்று அவர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள். ஏப்ரல் தொடக்கத்தில் சீனர்கள் முன்னோர் கல்லறைக்குப் போகும் செங் பெங், பக்கத்தில் சீன இடுகாடு இருந்தால் கார் நகராது. அமாவாசை அன்று வைத்தால் பாதிப் பேர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

இருபத்தைந்து பேருக்கு மேல் வேண்டாம். ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம்.

படி 6: கலை நிகழ்ச்சி

தப்பு அடிக்கலாம், எங்கள் பக்கத்துப் பையன்கள் நன்றாக அடிக்கிறார்கள். ஒப்பாரி பாட வைக்கலாம் என்று நான் கேட்டபோது ஒரு அம்மா முகத்துக்கு நேராகவே சொன்னார்: "எழவு இல்லாம ஒப்பாரி வைக்கக் கூடாதுப்பா, வீட்டுக்கு ஆகாது." சரியென்று விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக, பெரட்டுக்கு (காலைப் பெயர் கூப்பிடுதலுக்கு) விடிவதற்கு முன் எழுந்து போன கதையையும், ஆயாக் கொட்டாயில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) பிள்ளையை விட்டுப் போன கதையையும் கோயில் மண்டபத்தில் அவரே சொன்னார். பாட்டை விட அது நன்றாக இருந்தது.

படி 7: மஞ்சள் தண்ணி

இதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள். வெளியே வருகிற வழியில் ஒரு டிரம்மில் தண்ணீர், மஞ்சள், வேப்பிலை, ஒரு செம்பு வையுங்கள். இடுகாட்டுக்குப் போய்விட்டு அப்படியே காரில் ஏறச் சொன்னால் பெரியவர்கள் அடுத்த முறை வரமாட்டார்கள். முதல் நடையில் டிரம் இல்லை, பாட்டிமார்கள் மினரல் வாட்டர் பாட்டிலில் கால் கழுவிக்கொண்டார்கள்.

பின்சேர்க்கை: பாகான் டத்தோவிலிருந்து ஒரு வாசகர் படம் அனுப்பி, "ஆடி மாதத்துக்குப் பக்கத்தில் 'யஅ' என்று இருக்கிறது, அது இறந்தவரின் இனிஷியலா?" என்று கேட்டிருந்தார். இல்லை. அது ௰௮. பத்தும் எட்டும், பதினெட்டு. அவர் தாத்தா இறந்தது ஆடிப் பதினெட்டு அன்று.