பன்னிரண்டு பேர், ஒரே ஷீட்

நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து இணையவழியில் புள்ளியியல் படிக்கிறோம். யார் எந்தக் கணக்கைப் போட்டார், என்ன விடை வந்தது, எல்லாமே ஒரே கூகுள் ஷீட்டில்தான். முதல் வாரமே அது குலைந்தது. குலைத்தது நான். பெயர்களை அகர வரிசையில் பார்க்கலாமே என்று பெயர் இருந்த நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து, வரிசைப்படுத்தும் ‘சார்ட் ரேஞ்ச்’ கொடுத்தேன். பெயர்கள் இடம் மாறின, விடைகள் அசையவில்லை. ஒருவர் போட்ட கணக்கு இன்னொருவர் பெயரில் நின்றது.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் கவனித்தோம். அதற்குள் நான் பக்கத்தை மூடிவிட்டதால் செய்ததைத் திரும்பப் பெறும் கன்ட்ரோல் இசட் வேலைக்கு ஆகவில்லை. ஃபைல் மெனுவில் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’ இருக்கிறது, அங்கே பழைய நிலை கிடைக்கும். ஆனால் பதறிப்போய் ‘ரிஸ்டோர்’ அமுக்கிவிடாதீர்கள். மொத்த ஷீட்டும் பின்னால் போய்விடும், அந்த ஒரு மணி நேரத்தில் மற்றவர்கள் எழுதியதும் சேர்ந்து போகும். பழைய நிலையைத் தனி நகலாக எடுத்து, அதிலிருந்து பெயர்களை மட்டும் கொண்டுவந்து ஒட்டினோம்.

வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டுமென்றால் டேட்டா மெனுவில் ‘ஃபில்டர் வியூ’ உருவாக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் எப்படி அடுக்கினாலும் மற்றவர் திரையில் எதுவும் மாறாது. அதே மெனுவில் ‘ப்ரொடெக்ட் ஷீட்ஸ் அண்ட் ரேஞ்சஸ்’ வழியாகத் தலைப்பையும் பெயர்களையும் பூட்டிவிடுங்கள். அப்புறம், ஆளுக்கு ஒரு வரிசை. ஒரே கட்டத்தில் இரண்டு பேர் தட்டினால் கடைசியாக எழுதியவர் எழுதியதுதான் நிற்கும்.

நிலவரம் குறிக்க, பட்டியலிலிருந்து சொல்லைத் தேர்ந்தெடுக்கும் டிராப்டவுன் வையுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் ‘முடிந்தது’ என்பார், ஒருவர் ‘முடிச்சாச்சு’ என்பார், ‘கவுன்ட்இஃப்’ போட்டு எண்ணினால் கணக்கு உதைக்கும். எங்களுக்கு மூன்றே சொற்கள்: எடுத்தேன், முடித்தேன், சிக்கினேன்.

இதுவரை சொன்னது ஷீட்டைக் காப்பாற்றும் வேலை. படிப்பு நடக்க வேண்டுமென்றால் வேறொரு சங்கடத்தைத் தீர்க்க வேண்டும்: மற்றவர் விடை கண்ணில் பட்டால் நம் விடையும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ஷீட்டுக்குள் விடைகள் உள்ள பக்கத்தை மறைத்து வைத்தும் பயனில்லை, எடிட் உரிமை உள்ள யாரும் திறந்து பார்க்கலாம். அதனால் விடைகளை முதலில் கூகுள் ஃபார்மில் வாங்குகிறேன். எல்லோரும் அனுப்பிய பிறகு நானே பொது ஷீட்டில் ஒட்டுகிறேன்.

இப்படிச் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி ஒன்று. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு நிமிடம் ஆகிவிட்டது என்று தோன்றும்போது ஸ்டாப்வாட்ச்சை நிறுத்த வேண்டும். எத்தனை நொடி ஆனது என்பதை அனுப்ப வேண்டும். எண்களை ஒட்டி, மேலே ‘ஆவரேஜ்’ ஒரு கட்டத்திலும் ‘மீடியன்’ பக்கத்துக் கட்டத்திலும் போட்டேன். சராசரி 102, இடைநிலை (எண்களைச் சிறியது முதல் பெரியது வரை அடுக்கினால் நடுவில் வருவது) 56. எல்லோரும் திகைத்தோம். பார்த்தால், ஒருவர் 60க்குப் பதில் 600 என்று தட்டியிருக்கிறார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பூஜ்யத்தை அழித்தேன். 102 சடாரென்று 57க்கு இறங்கியது, 56 இருந்த இடத்திலேயே இருந்தது. சராசரியை ஒற்றை எண் எவ்வளவு இழுக்கும் என்பதைப் பாடமாகச் சொல்லியிருந்தால் அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

இன்னொன்றும் கட்டாயம் வையுங்கள்: ‘எங்கே சிக்கினேன்’ என்று ஒரு நெடுவரிசை. ஆரம்பத்தில் யாரும் அதில் எழுதவில்லை, கூச்சம். முதல் இரண்டு வாரம் என் வரிசையை மட்டும் தாராளமாக நிரப்பி வைத்தேன். மூன்றாவது வாரம் மற்றவர்களும் எழுத ஆரம்பித்தார்கள். ஏழாவது கணக்கில் ஒன்பது பேர் ஏறக்குறைய ஒரே வரியை எழுதியிருந்தார்கள்: மாறுபாடு (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) காணும்போது மொத்த எண்ணிக்கையில் ஏன் ஒன்றைக் குறைத்து வகுக்கிறோம்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதற்கே போயிற்று.