எக்செல்ல பார்கோடு நம்பர் சைபரா மாறுன பிரச்சினை, நான் சரி பண்ணது இப்படித்தான்

கோத்தகிரில சின்ன அளவுல டீத்தூள் பாக்கெட் போடுறோம். கோயம்புத்தூர்ல ஒரு பெரிய கடைக்கு சப்ளை, அவங்க ஆர்டர் எல்லாம் அவங்க போர்ட்டல்லதான் (வெப்சைட்) வரும், வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி எந்த பாக்கெட் எத்தனைன்னு சிஎஸ்வி ஃபைல் (எக்செல்ல போட்டு சேவ் பண்ற, கமா போட்டு பிரிச்ச வெறும் எழுத்து ஃபைல்) ஏத்தணும், இல்லன்னா குடோன்ல இறக்க விட மாட்டாங்க.

ஒரு தடவ மேட்டுப்பாளையம் தாண்டின வண்டிய திருப்பிட்டாங்க, பார்கோடு பொருந்தலயாம். ஃபைல நோட்பேட்ல திறந்து பாத்தா 100, 250, 500 கிராம் மூணுக்கும் ஒரே நம்பர்! நம்ம பார்கோடு 890ல ஆரம்பிக்கிற 13 இலக்கம், எக்செல் அத கணக்கு நம்பர்னு நெனச்சு சுருக்கிடுது, அப்படியே சேவ் பண்ணா பின்னாடி இருக்கிற இலக்கமெல்லாம் சைபர், சைஸ பிரிச்சு சொல்றதே அந்த பின்பக்கம்தானே.

சரி பண்ணது: எக்செல் காலி ஷீட்ல பார்கோடு வர்ற நெடுவரிசைய (column) மொதல்ல டெக்ஸ்ட்னு மாத்திட்டு அப்புறம்தான் நம்பர ஒட்டினேன். சிஎஸ்வியா சேவ் பண்ணதுக்கு அப்புறம் டபுள் கிளிக் பண்ணி திறக்கவே கூடாது, திறந்து மறுபடி சேவ் பண்ணா பழைய குருடி கதவ தெறடிதான் (நான் ரெண்டு தடவ பண்ணேன்). செக் பண்ண நோட்பேட் போதும். எக்செல்லேதான் வேணும்னா டேட்டா மெனுல இம்போர்ட் பண்ணி அந்த நெடுவரிசைக்கு டெக்ஸ்ட் குடுங்க.

இன்னொன்னு, ஆர்டர் பீஸ் கணக்கா பெட்டி கணக்கான்னு பாத்துக்கோங்க. 40 பாக்கெட் பெட்டிய 1னு போட்டா பில்லும் 1 பாக்கெட்டுக்குத்தான் பாஸ் ஆகும், மீதிக்கு நாயா அலையணும்.