வானிலிருந்து ஸாக்ரோஸ் மடிப்பு மலைகளைப் படிக்க ஒரு குறிப்பு

துபாயிலிருந்து ஷிராஸ் அல்லது தெஹ்ரான் செல்லும் பகல்நேர விமானத்தில் ஏறுவோர், இறக்கைக்கு முன்னால் உள்ள ஜன்னலோர இருக்கையைக் கேட்டு வாங்குவது நல்லது. தென் ஈரானில் வரிசை வரிசையாக நீளும் ஸாக்ரோஸ் மலைகள், பூமியின் மேலோட்டுப் பாளங்களில் ஒன்றான அரேபியத் தட்டு, இன்னொன்றான யுரேசியத் தட்டை இன்றும் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் அளவில் நெருக்கிக்கொண்டிருப்பதால் பாறை அடுக்குகள் மடிந்து உருவானவை. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்திருக்கும்போது நிழல் நீண்டு விழுவதால், மடிப்புகள் மிகத் தெளிவாகத் தெரியும்; உச்சிவெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும்.

முதலில் மலைச்சரிவுகளில் அடுக்கடுக்காகத் தெரியும் முக்கோண வடிவப் பாறைப் பலகைகளைக் கவனியுங்கள். மழைநீர் சரிவை அறுத்து உருவாக்கிய அவற்றின் கூர்முனை, பாறை அடுக்கு மேலேறும் திசையையே காட்டும். எனவே இருபுறத்துக் கூர்முனைகளும் ஒன்றையொன்று நோக்கியிருந்தால் அது மேல்நோக்கி வளைந்த மடிப்பு. ஒன்றைவிட்டு ஒன்று விலகி வெளிப்புறம் நோக்கியிருந்தால் கீழ்நோக்கி வளைந்தது.

இதைவிட அரிய காட்சி உப்புப் பனியாறுகள் எனப்படுபவை. 50 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய, ஹோர்முஸ் உப்பு எனப்படும் நிலத்தடி உப்புப் படிவு, மேலுள்ள கனத்த பாறையைவிட அடர்த்தி குறைந்ததால் பிதுங்கி மேலெழுந்து, மழை குறைந்த அந்த நிலத்தில் முற்றிலும் கரைந்துபோகாமல், பள்ளத்தாக்கை நோக்கி நாக்கு நீட்டியதுபோல் மெல்ல வழிகிறது. சுற்றியுள்ள வெளிர்நிறச் சுண்ணாம்புப் பாறைக்கு நடுவே கருத்த திட்டுகளாகத் தெரிபவை பெரும்பாலும் இவையே.

பயணம் வாய்க்காதவர்கள், செயற்கைக்கோள் படத்தில் தென் ஈரானின் துறைமுக நகரமான பந்தர் அப்பாஸுக்கு மேற்கே பெரிதாக்கிப் பார்க்கலாம்.