ஒரு கரண்டிக் கொழுப்பும் வீணாகாமல்: அமெரிக்காவின் அயோவா, ஜனவரி 1944

பன்றி இறைச்சி வறுத்த சட்டியை உடனே கழுவிவிடாதீர்கள். அந்தக் கொழுப்பிலிருந்துதான் கிளிசரின் எடுக்கிறார்கள், கிளிசரினிலிருந்து வெடிமருந்து. என் மகன் பசிபிக் போர்முனையில் இருக்கிறான். என் அடுக்களையிலிருந்து ஒரு சொட்டும் சாக்கடைக்குப் போகாது.

முதலில் அதைச் சமையலுக்கே திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள். வெண்ணெய்க்கும் பங்கீடு இருக்கிற காலத்தில் அதை விட்டுவிட மனசு வருமா? இனி உதவாது என்றானதும், சூடு கொஞ்சம் தணிந்த பிறகு வடிகட்டி, அகல வாய்த் தகர டப்பாவில் ஊற்றுங்கள். கண்ணாடி ஜாடி வேண்டவே வேண்டாம், சூட்டில் விரிசல் விடும். கருகிய துணுக்குகள் உள்ளே போனால் சீக்கிரம் நாறும். டப்பாவைக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.

ஒரு பவுண்டு சேர்ந்ததும் இறைச்சிக் கடையில் கொடுங்கள். 4 சென்ட் தருவார்கள், போன மாதத்திலிருந்து பங்கீட்டுப் புள்ளிகளும் உண்டு. புள்ளியைக் கேட்டு வாங்குங்கள், இறைச்சிக்கோ வெண்ணெய்க்கோ ஆகும்.

அப்புறம், உங்கள் தெருவில், நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் அவர்கள் டப்பாவையும் எடுத்துப் போங்கள். புள்ளிகளை மறக்காமல் அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.