துளை வைத்தால் மட்டும் வந்த போலி அலை

பாளையங்கோட்டை வீட்டுக் கணினியில், எஃகுக்குள் உள்ள வட்டத் துளையில் மோதி அழுத்த அலை சிதறுவதைக் கணக்கிட்டேன். வரைபடத்தின் வாலில், வரக்கூடாத நேரத்தில் ஒரு மேடு. கணக்குக்காக எஃகைத் துண்டாக்கும் வலைக்கண்ணியைப் பொடியாக்கினேன், கணக்கு முன்னேறும் நேரப்படியைக் குறைத்தேன். சித்திரை வெயிலில் கணினி கொதித்ததுதான் மிச்சம். துளையை எடுத்தால் மேடும் மறைந்தது. அதனால் நாள்கணக்கில் துளையையே சந்தேகித்தேன்.

கோளாறு கணக்கிடும் பகுதியின் வெளி விளிம்பில் இருந்தது. துளையில் மோதும் அழுத்த அலையின், அதாவது செல்லும் திசையிலேயே துகள்களை அசைக்கும் நெட்டலையின், ஒரு பகுதி துகள்களைக் குறுக்கே அசைக்கும் குறுக்கலையாக மாறுகிறது. துளை இல்லாவிட்டால் குறுக்கலையே கிடையாது. அலை திரும்பாமல் விழுங்கும் விளிம்புத் தணிப்பானில், தணிப்பின் அளவைப் பெற, விளிம்புக்குச் செங்குத்தான திசைக்கு எஃகின் அடர்த்தியை நெட்டலை வேகத்தால் (நொடிக்குச் சுமார் 5900 மீட்டர்) பெருக்க வேண்டும். விளிம்போடு செல்லும் திசைக்குக் குறுக்கலை வேகத்தால் (3200). கைக்கு வந்த நிரலில் இரண்டுக்கும் 5900! நேராக வந்து மோதும் குறுக்கலையின் வீச்சில் ஏறக்குறைய 30 சதவீதம் திரும்பிவிடும். எண்ணை மாற்றியதும் மேடு போயிற்று. சாய்வாக வரும் அலை இன்னும் சிறிது திரும்பும். அதற்காக விளிம்பைத் தள்ளி வைத்திருக்கிறேன்.